அன்ரனிற்றா அக்காவின் துண்டு ஒன்பது கை மாறிய வருடம்

வுப்பர்டால்,
02.12.1996, திங்கட்கிழமை

பேரன்புக்கும் மதிப்புக்கும் உரிய அன்ரனிற்றா அக்கா அவர்களுக்கு,

ஆண்டவர் இரக்கத்தால் இங்கு நானும் கொறற்றியும் பிள்ளைகளும் சளித் தடிமனைத் தவிர வேறு குறையின்றி இருக்கின்றோம். பீலெஃபெல்டில் உங்களுடைய முழங்கால் நோ குளிருக்குக் கூடாமல் இருக்க வேண்டுமென்று நேற்றைய பூசையிலும் மன்றாடினேன். நிற்க. இக்கடிதத்தை நான் உங்கள் தம்பியாக எழுதவில்லை. வுப்பர்டால் தமிழ் ஆலோசகர் தொடர்பு வட்டத்தின் செயலாளராக எழுதுகின்றேன். ஆகையால் பாதியில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகாமல் முழுவதையும் வாசிக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கின்றேன்.

வருகிற 15ஆந் திகதி ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்தவுடன், பங்கு மண்டபத்தில் எமது வட்டத்தின் முதலாவது ஆண்டு நிறைவுக் கூட்டம் நடைபெறும். அதில் இவ்வருடத்தின் முன்னேற்றம் பற்றிய அறிக்கையை நான் வாசிப்பேன். அறிக்கையில் முதலிடம் உங்களுடைய விடயத்துக்குத்தான். எங்களிடம் இவ்வருடம் வந்த முப்பத்தெட்டுப் பரிந்துரைத் துண்டுகளில் உங்களுடைய துண்டே அதிகம் பயணம் செய்தது. ஒன்பது கை மாறியிருக்கிறது அக்கா. இரண்டாவதாக வந்த வாகன அனுமதிப்பத்திரக் கேஸ் நாலே நாலு கைதான். ஆகவே நீங்கள் நேரில் வந்து மேடையில் இருக்க வேணுமெண்டு எல்லாரும் ஒருமனதாத் தீர்மானிச்சிருக்கினம்.

நீங்கள் எங்கட ஆக்களை மாசி மாதம் ஒரே ஒருக்காக் கண்டதால மறந்திருப்பியள், திருப்பிச் சொல்லுறன். தலைவர் லோறன்ஸ் அண்ணை, படிவம் நிரப்புறது அவரின்ர பகுதி. ஜேசுரட்ணம் அண்ணை காப்புறுதி. மகாதேவி அக்கா பள்ளிக்கூடமும் தொழிற்படிப்பும். சிதம்பரம் அண்ணை வரி. அடுத்தது இந்தியாவில இருந்து வந்து இங்க யூனிவர்சிட்டியில ஆராய்ச்சி செய்யிற கோபாலன் தம்பி, அவர் திட்டம் போடுறவர். இந்த வட்டமே அவரின்ர யோசினைதான். ஜெர்மன் வியாபாரிகள் இப்பிடித்தான் மாதாமாதம் கூடி, தங்களிட்ட வாற ஆளை மற்றவரிட்டத் துண்டு எழுதி அனுப்பி, எல்லாருமா முன்னேறுகினம், நம்மாளுங்களும் ஒரு நெட்வொர்க் ஆரம்பிக்கலாமே சார் எண்டு லோறன்ஸ் அண்ணையைப் பார்த்துச் சொன்னவர். லோறன்ஸ் அண்ணையை இந்த நாட்டில பதின்மூண்டு வருசமா ஒருத்தரும் சார் எண்டு கூப்பிட்டதில்லை. அந்த இடத்திலயே வட்டம் தொடங்கியாச்சு. ஆறாவது ஆள் நான். எனக்குப் பகுதி ஒண்டுமில்லை, வீட்டில தமிழ் ரைப்றைற்றர் இருக்கெண்டதால செயலாளர் ஆக்கினவை.

நீங்கள் சிரிக்கக்கூடாது அக்கா. நான் பகிடியா எழுதேல்லை. லோறன்ஸ் அண்ணை விடியக் காலமை மூண்டு மணிக்குப் பேக்கரிக்குப் போய்த் தட்டுக் கழுவுறவர். சிதம்பரம் அண்ணை சலவைத் தொழிற்சாலையில ஈரத் துணி தூக்கித் தூக்கி முதுகு போனவர். மகாதேவி அக்கா சிறுபிள்ளையளின்ர பள்ளிக்கூடக் குசினியில உருளைக்கிழங்கு சீவுறவ. கிழமையில ஆறு நாளும் ஒருத்தரும் இவையளிட்ட ஒரு புத்தி கேக்கிறதில்லை, செய் எண்டு சொல்லுறதுதான். ஞாயிற்றுக்கிழமை பாத்தா, மினுக்கின சேட்டோட, கையில ஃபைலோட, தொங்குரயிலால இறங்கி மண்டபத்துக்கு நடந்து வருவினம். அந்த நடையே வேற. சிதம்பரம் அண்ணை புதுசா வந்த ஒரு குடும்பத்துக்கு நாலு மணித்தியாலம் பக்கத்தில இருந்து ஒரு கடிதத்தை வரி வரியா விளங்கப்படுத்தினதை நான் என்ர கண்ணால கண்டனான். இப்பிடியான மனிசரோட ஒரு மேசையில இருக்கக் கிடைச்சது எனக்குப் பெரிய காரியம். இதை ஆருக்கும் முன்னால சொல்லுவன்.

எங்கட வட்டத்துக்கு ஒழுங்கு இரண்டு. முதலாவது, கூட்டம் தொடங்க ஒவ்வொருத்தரும் ஒரு நிமிசத்தில தன்னை அறிமுகப்படுத்த வேணும். கொறற்றியின்ர முட்டை அவிக்கிற மணிக்கூட்டை நடுவில வைச்சு நேரம் பிடிப்பம். ஆறு பேரும் ஆறு பேரையும் முந்தியே அறிவம், எண்டாலும் ஒழுங்கு ஒழுங்குதான். லோறன்ஸ் அண்ணை தன்ர பேரையும் தகப்பன்ர பேரையும் சொல்லி முடிய மணி அடிச்சிடும். என்ர முறை வந்தா நான், "பென்ஜமின், செயலாளர்" எண்டு சொல்லிப்போட்டு மிச்ச ஐம்பத்தைஞ்சு செக்கனும் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிப்பன். இரண்டாவது ஒழுங்குதான் முக்கியம். ஒருத்தர்ர பகுதிக்குள்ள மற்றவர் கால் வைக்கப்படாது. காப்புறுதி ஆள் வரியைப் பற்றி வாய் திறக்கக்கூடாது, வரி ஆள் படிவத்தைத் தொடக்கூடாது. சனம் வந்தா, அது உங்கட பகுதியில்லை எண்டால், மரியாதையாத் துண்டு எழுதி உரிய ஆளிட்ட அனுப்ப வேணும். இந்த ஒழுங்காலதான் வருசம் முழுக்க எங்களுக்குள்ள ஒரு சண்டை வரேல்லை. யோசிச்சுப் பாருங்கோ, ஆறு தமிழர், ஒரு வருசம், ஒரு சண்டையில்லை.

இப்ப உங்கட விசயத்துக்கு வாறன். மாசி மாதம் நீங்கள் எங்கட கூட்டத்துக்கு வந்து எழும்பி நிண்டு, ஒன்பது வருசமா ஆஸ்பத்திரியில நிலம் துடைக்கிறன், ஊரில தைச்ச கை சும்மா கிடக்குது, உடுப்புத் திருத்திற சின்னக் கடையொண்டு போட வேணும், என்ன செய்யலாம் எண்டு கேட்டியள். நாங்கள் எல்லாரும் எழும்பி நிண்டு கை தட்டினம், ஞாபகமோ? அண்டைக்கே உங்கட பேரில துண்டு எழுதி லோறன்ஸ் அண்ணையிட்டக் குடுத்தாச்சு. அவர் ஒரு மாதம் ஆறுதலா யோசிச்சு, திட்டமில்லாமல் படிவம் நிரப்பேலாது எண்டு கோபாலன் தம்பியிட்ட அனுப்பினார். அந்தப் பிள்ளையை நான் என்னெண்டு புகழுவன்! பீலெஃபெல்டுக்கு ரயிலேறி வந்து, சனிக்கிழமை ஸ்டேசன் வாசலில இரண்டு மணித்தியாலம் நிண்டு, போற வாற ஆக்களில ஆரின்ர காற்சட்டை நிலத்தில இழுபடுது எண்டு குனிஞ்சு குனிஞ்சு எண்ணியிருக்கிறார். நானூற்றுப் பன்னிரண்டு பேரில முப்பத்தேழு பேருக்கு நீளம் கூட. பொலிஸ் வந்து என்ன செய்யிறாய் எண்டு கேட்டதுக்கு, மார்க்கெட் சர்வே எண்டு சொல்லி அவையின்ர காற்சட்டையையும் பாத்திருக்கிறார். முப்பத்தொன்பது எண்டு திருத்தி எழுதினவர். இதை வெளிச்சப் பெட்டியில போட்டுச் சுவரில காட்டேக்க எங்களுக்கு மயிர் கூச்செறிஞ்சது.

அதுக்குப் பிறகு ஜேசுரட்ணம் அண்ணை. அவர் உங்கட கடைக்கு நெருப்பு, தண்ணி, களவு, ஊசி குத்திறது எல்லாத்துக்கும் காப்புறுதி தயார் பண்ணிப்போட்டார், கடையின்ர விலாசம் மட்டும்தான் இல்லை. பிறகு மகாதேவி அக்கா. தையல்கடை எண்டால் இந்த நாட்டில மைஸ்டர் எண்ட தொழில் தேர்ச்சிப் பத்திரம் வேணும், அதுக்கு முதல் மூண்டு வருசம் அவுஸ்பில்டுங் எண்ட தொழிற்படிப்புச் செய்ய வேணும் எண்டு விசாரிச்சு, நாற்பத்தாறு வயசிலயும் சேரலாமோ எண்டு ஒரு பள்ளிக்கூடத்தில சந்திக்க டேர்மின் எடுத்து, உங்களுக்காகத் தானே போய் இருந்தவ. பதினாறு வயசுப் பெட்டையளோட ஒரு வாங்குப் பலகையில இருந்து காத்திருந்தவவாம். பிறகு சிதம்பரம் அண்ணை, கடை திறந்தால்தான் வரி, வரி இலக்கம் கேட்டுத்தான் படிவம், ஆகையால இது படிவப் பகுதி எண்டு ஆடி மாதம் திருப்பி லோறன்ஸ் அண்ணையிட்ட அனுப்பினார். லோறன்ஸ் அண்ணை துண்டை வாங்கிக் கண்ணாடியைப் போட்டு வாசிச்சு, "ஆர் இந்த அன்ரனிற்றா? நல்ல துணிச்சலான பிள்ளையா இருக்கு" எண்டு கேட்டார். புதுசா வந்த ஆளுக்குக் காட்டுற அதே அக்கறையோட இரண்டாம் சுற்றைத் தொடங்கினார். அந்த மனசு ஆருக்கு வரும்? ஆவணியில பள்ளிக்கூட விடுமுறை, கூட்டமில்லை. அதுக்குப் பிறகும் துண்டு ஓய்வில்லாமல் சுத்தி, இப்ப மகாதேவி அக்காவிட்ட நிக்குது.

இடையில மூண்டு தரம் நீங்கள் ரெலிபோன் எடுத்து, "தம்பி, கடை விசயமா ஒண்டு சொல்ல வேணும்" எண்டு தொடங்கினியள். மூண்டு தரமும் நான், பொறுங்கோ அக்கா, அது என்ர பகுதியில்லை, உரியவரிட்டச் சொல்லுங்கோ எண்டு நிப்பாட்டிப்போட்டன். கோவிக்கக்கூடாது. தம்பி எண்ட முறையில கேட்டிருக்கலாம், ஆனா செயலாளரே ஒழுங்கை மீறினால் மற்றவை என்ன நினைப்பினம்?

ஆண்டுக் கூட்டத்தில படம் எடுக்க வேணும், எல்லாரும் ஒரே மாதிரி நிக்க வேணும் எண்டு கோபாலன் தம்பி சொல்ல, மூடப்போற கடையொண்டில ஆறு நீலக் கோட்டு எடுத்தம். ஆறும் ஒரே அளவு. அந்தக் கடையில எங்கட எல்லாருக்கும் சேர்த்து ஒருத்தர்தான் போட்டுப் பாத்தவர், அது ஜேசுரட்ணம் அண்ணை. அவருக்கு அளவாத்தான் இருந்தது. எனக்குக் கை விரலெல்லாம் மறைஞ்சு போச்சு. லோறன்ஸ் அண்ணை போட்டா ஓவர்கோட்டு. மகாதேவி அக்கா கண்ணாடியில பாத்துப்போட்டுக் கழட்டி வைச்சவ. இதைத் திருத்திறது ஆரின்ர பகுதி எண்டு முழுசா ஒரு கூட்டம் கதைச்சம், முடிவு வரேல்லை. கடைசியா வட்டத்தில இல்லாத கொறற்றி வந்து, ஒவ்வொருத்தரையும் நிப்பாட்டிக் குண்டூசி குத்தி அளவு எடுத்து, ஆறு கோட்டையும் ஒரு பெட்டிக்குள்ள கட்டி, தனக்குத் தெரிஞ்ச இடமொண்டு இருக்கெண்டு அனுப்பிப்போட்டா. எங்கையெண்டு நான் கேக்கேல்லை. நாளைக்கோ நாளையிண்டைக்கோ வருமாம்.

ஆகையால் அக்கா, 15ஆந் திகதி கட்டாயம் வாங்கோ. உங்கட கடை இந்த வருசம் திறபடேல்லை எண்டு மனம் சோரக்கூடாது. இப்பிடி ஆறு பேர் உங்களுக்காக யோசிச்சுக்கொண்டு இருக்கினம் எண்டதை நினையுங்கோ. வாற வருசம் இல்லாட்டி அதுக்கடுத்த வருசம் எப்பிடியும் விலாசம் வந்திடும், காப்புறுதி ஏற்கெனவே இருக்கு.

பாலன் யேசுவின் அமைதி உங்கள் வீட்டில் தங்குவதாக. அத்தானுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு மாமாவின் கொஞ்சுதல்களையும் கொடுக்கவும்.

இங்ஙனம்,
உங்கள் பாசமுள்ள தம்பியும் வட்டத்தின் செயலாளருமான
பென்ஜமின்

பி.கு. (04.12.1996, புதன்): கடித உறையை மூடி முத்திரையும் ஒட்டி வைச்சிருந்தனான். திருப்பி உறையைக் கிழிச்சு எழுதுறன். கோட்டுப் பெட்டி இண்டைக்கு வந்தது. என்ர கோட்டைப் போட்டுப் பாத்தன், எனக்கெண்டு அளந்து தைச்ச மாதிரி இருந்தது. உள்பொக்கற்றுக்குள்ள கை விட, சின்ன அட்டை ஒண்டும் ஒரு கடதாசியும் வந்தது. அட்டையில, "அன்ரனிற்றா உடுப்புத் திருத்தகம், பீலெஃபெல்ட்" எண்டு கிடந்தது. கடதாசியில நீங்கள் எழுதினதை நான் நிண்ட நிலையில மூண்டு தரம் வாசிச்சன்.

"தம்பி, கோட்டு உன்ர பகுதி எண்டபடியால் இதையாவது கடைசி மட்டும் வாசிப்பாய் எண்டு நம்புறன். ஆடி மாதம் கடை திறந்தாச்சு. திருத்த வேலைக்கு மைஸ்டர் பத்திரம் தேவையில்லையாம். நகரசபை றாட்ஹவுசில ஒரு படிவம், ஒரு கையெழுத்து, கால்மணித்தியாலம். வட்டத்தில ஒருத்தரையும் குறை சொல்லாதே. ஒன்பது வருசம் நிலம் துடைச்ச எனக்கு ஒருத்தரும் கை தட்டினதில்லை. அண்டைக்கு ஆறு பேர் எழும்பி நிண்டு தட்டினியள். வீட்டை வந்து அழுதனான். அந்தக் கை தட்டல் இல்லாட்டி நான் அந்தக் கவுண்டருக்குப் போயிருக்க மாட்டன்."

கொறற்றிக்கு ஆடி மாதமே தெரியுமாம். ஏன் எனக்குச் சொல்லேல்லை எண்டு கேட்டன். அது தன்ர பகுதியில்லையாம்.

உடனே லோறன்ஸ் அண்ணையிட்ட ஓடினன். அவர் புதுக் கோட்டைப் போட்டு, இரண்டு கையையும் நீட்டி, தன்ர விரலையெல்லாம் வடிவாப் பாத்துக்கொண்டு நிண்டவர். கடதாசியை வாசிச்சுக் காட்டினன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார், கன நேரம் துடைச்சார். பிறகு, இது வட்டத்தின்ர முதலாவது நிறைவேறின துண்டு, அறிக்கையில அப்பிடியே போடு எண்டார். துண்டை முடிக்கிறதுக்கு உங்கட கையெழுத்து வேணுமாம், மகாதேவி அக்காவிட்ட வாங்கி இத்தோட வைச்சிருக்கிறன்.

அக்கா, கடைசியா ஒண்டு. மேல எழுதினதெல்லாம் செயலாளர் எழுதினது, இது உங்கட தம்பி எழுதிறது. எனக்குக் கன நாளா ஒரு ஆசை. என்ர ரைப்றைற்றரை வைச்சு எங்கட சனத்துக்குக் கலியாண அட்டையும் ஞானஸ்நான அட்டையும் அடிச்சுக் குடுக்கிற சின்ன இடமொண்டு போட வேணும். ஹோட்டல் குசினியில கோப்பை கழுவிக் கழுவி அலுத்துப்போச்சு. இதை இந்த வருசம் முழுக்க ஒரு கூட்டத்திலயும் நான் சொல்லேல்லை. அந்த ஐம்பத்தைஞ்சு செக்கனும் இதைச் சொல்லலாமோ எண்டுதான் யோசிச்சுக்கொண்டு நிண்டனான். றாட்ஹவுசில எத்தினையாம் நம்பர்க் கவுண்டர், என்ன படிவம் எண்டு ஒரு வரி எழுதி விடுங்கோ. வட்டத்தில ஒருத்தருக்கும் இப்ப சொல்லிப்போடாதேங்கோ, துண்டு எழுதிப் போடுவினம். கவுண்டருக்குப் போறதுக்கு முதல்நாள் நானே சொல்லுறன், எழும்பி நிண்டு கை தட்டச் சொல்லி.