கோரின் ஏன் ஆஷ்கம்ப் காலேஜில் சேரப்போவதில்லை

யங்ஸ்டவுன், ஒஹாயோ
ஞாயிற்றுக்கிழமை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய லொரெட்டா அக்காவுக்கு,

தம்பி வெர்லின் எழுதுவது. இங்கே நான், டார்லீன், எங்கள் பெண் கோரின் மூவரும் சுகம். அரிசோனா வெயிலில் உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், அத்தான் கோல்ஃப் மைதானத்தில் இப்போது யாரோடும் சண்டை போடுவதில்லை என்றும் நம்புகிறேன்.

நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்கள் பெரிய காலேஜுக்குப் பணத்தைக் கொட்டலாமா என்று போனில் கேட்டாய். கூடாது. கூடவே கூடாது. சும்மா சொல்லவில்லை, நேரில் போய்ப் பட்டுவிட்டு வந்து சொல்கிறேன்.

வெர்மான்ட் மலையில் இருக்கிறது ஆஷ்கம்ப். கோரினுக்கு அங்கே இடம் கிடைத்தது, உதவித்தொகைதான் கிடைக்கவில்லை. பணக்காரன் செக்கைக் கிழித்துக் கொடுத்துவிடுகிறான், இல்லாதவனுக்குப் பணத்தைக் காலேஜே கட்டிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டச் சொல்லித்தரும் நானும், பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காரும் டார்லீனும் வீட்டை மறுபடி அடமானம் வைத்தால் சமாளித்துவிடுவோம் என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. "பார்த்துட்டாவது வருவோமே, பார்க்கறதுக்குமா காசு?" என்றாள் டார்லீன். கிளம்பினோம். பார்ப்பதற்கும் காசுதான் என்பது நியூயார்க் எல்லை தாண்டியதும் தெரிந்தது. வேகமாகப் போனதாகப் போலீஸ்காரர் மடக்கி, என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் பின்சீட்டிலிருந்து கோரின், "டிரைவிங் வாத்தியார்" என்றாள். அந்த மனுஷன் அபராதச் சீட்டை எழுதுவதற்கு முன்னால் தன் கூட்டாளியைக் கூப்பிட்டு வந்து என்னைக் காட்டினார், அக்கா.

காலேஜைச் சுற்றிக் காட்ட வந்த பெண், எங்கள் முகத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடக்கிறாள். அங்கே அதுதான் வழக்கமாம். டிரைவிங் வாத்தியார் சும்மா இருப்பேனா? "இடது பக்கம் தூண்! மெதுவா! பின்னாடி படி!" என்று கத்திக்கொண்டே போனேன். "வெர்லின், வாயை மூடிட்டு வா. மானம் போகுது" என்று டார்லீன் அடக்கினாள். மூடினேன். அடுத்த நிமிஷம் அந்தப் பெண் குப்பைத் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். அதன்பின் பெற்றோர் கூட்டம். வெள்ளிக் கண்ணாடி போட்ட டீன் அம்மாளிடம், "இங்க படிச்ச பிள்ளைங்க என்ன வேலைக்குப் போறாங்க?" என்று கேட்டேன். "நாங்க வேலைக்குத் தயார் பண்றதில்லை, மிஸ்டர் ஸ்டூபக். கேள்வி கேக்கத் தயார் பண்றோம்" என்றார். "அதை நான் இப்பவே கேட்டுட்டேனே, அதுவும் இலவசமா!" என்றேன். அத்தனை பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. டார்லீன் மட்டும் என் காலை மிதித்தாள். சாப்பாட்டு வேளைக்குக் கோரினைக் காணோம். தேடினால், நிலவியல் கூடத்தில் ஒரு பேராசிரியையோடு தரையில் உட்கார்ந்து கற்களை நக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உப்பு இருக்கிறதா என்று பார்க்க அப்படித்தான் செய்வார்களாம். கோரின் முகம் அப்படி மலர்ந்திருந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் ஒரு பர்கர் கடையில் நிறுத்தினோம். கோரின் உருளைக்கிழங்கு வறுவலைக் கெச்சப்பில் தொட்டபடி, "நான் ஆஷ்கம்ப்ல சேரலை. நம்ம ஸ்டேட் யுனிவர்சிட்டியே போதும்" என்றாள். நான் எழுந்து ஆடியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஏன், ஆஷ்கம்ப்புக்கு என்ன குறைச்சல்?"

"நீதானேப்பா வழியெல்லாம் திட்டிட்டு வந்த?"

"நான் திட்டுவேன். நீ எதுக்குத் திட்டற?"

"குளிருப்பா. எல்லாரும் பனிச்சறுக்கு பத்தியே பேசறாங்க."

"ஸ்வெட்டர் போட்டுக்கலாம்டி!" என்று டார்லீன் அழுகிற குரலில் சொன்னாள்.

ஒஹாயோ எல்லை வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறி ஆஷ்கம்ப்பின் அருமை பெருமைகளைப் பாட, அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீடு சேர்ந்ததும்தான் எனக்குத் தெளிந்தது. பிள்ளை சொல்வதுதான் சரி! ஸ்டேட் யுனிவர்சிட்டியிலும் நிலவியல் இருக்கிறது, கல் இருக்கிறது, நக்க வேண்டாமென்று தடுப்பவரும் யாருமில்லை. சனிக்கிழமை துணி துவைக்க வீட்டுக்கு வந்துவிடுவாள். பெயருக்காகத் தலையில் கடனை ஏற்றிக்கொள்வது முட்டாள்தனம். உன் பேரன் பேத்திகளுக்கும் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு.

அத்தானுக்கு என் வணக்கம். பனியும் கடனும் அண்டாத இடத்தில் நீங்கள் இருவரும் நெடுநாள் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

உன் அன்புத் தம்பி,
வெர்லின் ஸ்டூபக்

பி.கு.: குளிர் என்றது பொய், அக்கா. அடமானம் பற்றி நானும் டார்லீனும் காரில் பேசியதைக் கோரின் தூங்குவதுபோல் கிடந்து கேட்டிருக்கிறாள். அம்மாவிடம் வியாழக்கிழமை சொல்லி அழுதாளாம். வெள்ளிக்கிழமை காலையிலேயே ஆஷ்கம்ப்புக்கு முன்பணத்தை அனுப்பிவிட்டேன். திரும்பக் கிடைக்காது. கோரினுக்குத் தெரியாது, டார்லீனுக்கும் தெரியாது. நீ போன் பண்ணிப் பக்குவமாகச் சொல்லு. "அப்பாவுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று கோரின் கேட்பாள். ஆமாம் என்று சொல்லிவிடு. இத்தனை பக்கம் எதற்கு எழுதினேன் என்று நீ கேட்பாய். எழுதினாலாவது புத்தி வருமா என்று பார்த்தேன். வரவில்லை.