எட்டுக் கால் விடுமுறை

போவது என்று முடிவு செய்துவிட்டேன். வானமே இடிந்து விழுந்தாலும் சரி, இந்த மாதக் கடைசியில் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் நான் ஏரிக்கரை வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன். நண்பர்கள் மூன்று பேர் கூட வருகிறார்கள். வண்டி, படகு, தூண்டில் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தவனுக்கு எங்கள் கூட்டத்தில் ‘வரைபடம்’ என்று பெயர். சமையலறையிலிருந்து குளியலறைக்குப் போவதற்கே அவனிடம் இரண்டு வழி இருக்கும்.

என் வழியில் ஒரே ஒரு தடைதான். மனைவி.

குட்டி பிறந்து நான்கு மாதம் ஆகிறது. அவள் சரியாகத் தூங்கியும் நான்கு மாதம் ஆகிறது. குட்டி அழுதால் பயப்படுவாள். அழாவிட்டால் அதைவிடப் பயப்படுவாள். தும்மினால் மருத்துவமனைக்குப் போன். அங்கே இருக்கும் வரவேற்பாளர் இப்போதெல்லாம் யாரென்று கேட்பதில்லை. மூச்சை வைத்தே கண்டுபிடித்து, எத்தனை தும்மல் என்கிறார். குட்டி தூங்கும்போது இவள் தொட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு, அதன் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். தான் பார்ப்பதை நிறுத்தினால் அதுவும் நிறுத்திவிடும் என்பது போல.

ஏரி விஷயத்தைச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

“மூணு நாளா? நான் மட்டும் தனியா இதோடயா?”

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகக் கேட்டுவிட்டாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவளே வழி சொன்னாள். தாராளமாகப் போகலாம். போவதற்கு முன் குட்டிக்குக் குரோஷே என்கிற கொக்கி ஊசிப் பின்னலில் ஓர் ஆக்டோபஸ் பின்னிக்கொடுத்துவிட வேண்டும். என் கையால். அப்பா இல்லாத மூன்று நாளும் அது பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமாம்.

திமிங்கலமாக இருக்கட்டுமே என்று பேரம் பேசினேன். ஒரே உருண்டை, கால் கிடையாது. அவள் அசையவில்லை. குட்டி எதையாவது இறுகப் பிடிக்கிற வயது. எட்டுக் கால் இருந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று கைக்கு வரும். பொத்தான் கண் கூடாது, விழுங்கிவிடும்; நூலால்தான் கண். திட்டம் இவ்வளவு தயாராக இருந்ததைப் பார்த்து நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அவள் கான்வென்ட்டில் படித்தவள். அங்கே படித்த பூகோளம் மறந்துவிட்டது. கன்னியாஸ்திரி சொல்லிக்கொடுத்த குரோஷே மறக்கவில்லை. நானோ இடது கைக்காரன். பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால் எனக்கு எல்லாம் தலைகீழ். அதனால் எதிரே உட்கார்ந்தாள். கண்ணாடியில் பார்ப்பதுபோல அவள் வலது கையைப் பார்த்து என் இடது கை செய்தது. கொக்கி ஊசியை நுழை, நூலை இழு. மறுபடி நுழை, மறுபடி இழு. சுற்றிக்கொண்டே போனால் தலை வருமாம். ஒரு வாரத்தில் எனக்கு வந்தது வெங்காயம். அதுவும் யாரோ மிதித்த வெங்காயம்.

புதன்கிழமை ஆயிற்று. சனிக்கு மூன்றே நாள். எட்டுக் காலும் பாக்கி.

நீல நூலில் ஒரு துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறினேன். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். இம்மி பிசகினாலும் என் கண்ணுக்குத் தப்பாது. நான்காவது கடையில் கிடைத்தது. அதே நீலம், நூல் கண், எட்டுக் கால், கையால் பின்னியது. அநியாயத்துக்கு அழகாக இருந்ததுதான் ஒரே குறை. ஒரு காலை இழுத்து நீட்டினேன். இன்னொன்றைக் கசக்கினேன். இப்போது அது நான் பெற்ற பிள்ளை மாதிரி இருந்தது.

வியாழன் மாலை கொண்டுபோய் நீட்டினேன். வெங்காயத்தைப் பிரித்துவிட்டு, இரண்டு நாளாக வேலை இடைவேளையில் உட்கார்ந்து முடித்துவிட்டதாகச் சொன்னேன். அவள் ஆக்டோபஸ் தலையின் உச்சியை விரலால் ஒரு சுற்று சுற்றினாள். ஏதாவது கழன்று குட்டி வாய்க்குள் போய்விடுமோ என்று எட்டுக் காலையும் இழுத்துப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“உங்க கைக்குள்ள இவ்வளவு திறமையா?”

அடக்கமாகத் தலை குனிந்தேன். குட்டி ஒரு காலைப் பிடித்து வாயில் வைத்தது. விடவே இல்லை. நான் போய்ப் பையைக் கட்டினேன்.

வெள்ளி மாலை வீட்டுக்கு வந்தால் ஒரே அலறல். ஆக்டோபஸ் துணிக்கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. எச்சில் ஊறிவிட்டதென்று அலசிப் போட்டாளாம். உள்ளே பஞ்சு, காய ஒன்றரை நாளாவது ஆகும். அதுவரை குட்டி இப்படித்தானாம்.

“இன்னொண்ணு வேணுங்க. அது காயும்போது இது.”

கடையில் உட்கார்ந்தால்தான் எனக்குக் கை ஓடும், இதோ போய் முடித்துக்கொண்டு வருகிறேன் என்று செருப்பைத் தேடினேன்.

“இங்கயே உக்காந்து பண்ணுங்க,” என்றாள். “ரெண்டே நாள்ல ஒண்ணு முடிச்ச கை. அது ஓடுற அழகை நான் பார்க்கவே இல்லையே.”

தொட்டில் பக்கத்து நாற்காலியில் நூலும் ஊசியும் தயாராக இருந்தன. என்ன சொல்வது? முதலாவதை நான் பின்னவில்லை என்றா? உட்கார்ந்தேன்.

அவள் கட்டிலில் சாய்ந்து என் கை ஓடுகிற அழகைப் பார்த்தாள். சரியாக நான்கு நிமிடம். பிறகு தூங்கிவிட்டாள். நான்கு மாதத்தில் முதல் முறையாக, தொட்டிலுக்கு முதுகு காட்டி, வாயைத் திறந்துகொண்டு.

சனி காலை வரைபடம் வாசலில் ஹாரன் அடித்தான். ஜன்னல் வழியாக ஊசியைக் காட்டினேன். அவனிடமும் வழி இல்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

சனி முழுக்கத் தலை. ஞாயிறு முழுக்கக் கால். ஞாயிறு காலையிலேயே கொடியில் தொங்கியது காய்ந்துவிட்டது. அதைச் சொல்லி நிறுத்தலாமென்றால், முதலாவது மட்டும் எப்படி இரண்டு நாளில் முடிந்தது என்ற கேள்வி வரும். பின்னினேன். குட்டி புரண்டால் நான் பார்த்தேன். தும்மினால் நான் எண்ணினேன். அவள் குளித்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள், எழுந்து மறுபடி தூங்கினாள். திங்கள் மதியம் மருத்துவமனை வரவேற்பாளரே போன் செய்து, வீட்டில் எல்லாரும் நலமா என்று கவலையாக விசாரித்தார்.

திங்கள் சாயங்காலம் எட்டாவது காலையும் முடித்து, இரண்டு ஆக்டோபஸையும் அருகருகே வைத்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. கடையில் வாங்கியதன் தலையில் பின்னல் ஒரு பக்கமாகச் சுற்றிப் போகிறது. என்னுடையதில் நேர் எதிர்ப்பக்கம். அது வலது கை பின்னியது. ஊர்க்காரர்கள் பார்வையை எல்லாம் சரிசெய்கிறவனுக்கு இது தெரிய ஐந்து நாள் ஆகியிருக்கிறது.

“உனக்கு எப்போ தெரியும்?” என்றேன்.

“நீங்க கையில குடுத்தப்பவே.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா சண்டை போட்டுட்டு, அந்தக் கோபத்துலயே ஏரிக்குப் போயிருப்பீங்க.”

அதைத்தான் செய்திருப்பேன். அவள் முகம் தெளிந்திருந்தது; கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு பாதி காணோம். அந்தத் தைரியத்தில், வரைபடம் அடுத்த மாதமும் போகிறானாம் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

“அதுக்கென்ன, தாராளமாப் போயிட்டு வாங்க,” என்றாள், புது நூல்கண்டைப் பிரித்துக்கொண்டே. இந்த முறை சிவப்பு. “குட்டிக்கு ஒரு நண்டு மட்டும் பின்னிக் குடுத்துட்டுப் போங்க.”

நண்டுக்குப் பத்துக் கால்.