ஒரு பயத்துக்கு ஒரு கொப்பு

பயப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் தோட்டத்து வாச்சர்.

கலவான நகருக்கு மேலே, தேயிலை முடிந்து பெருங்காடு தொடங்கும் இடத்தில் இருந்தது எங்கள் டிவிஷன். வரிசை வீடுகளாக இரண்டு லயம், ஒரு சின்னக் கோயில், மீதியெல்லாம் மழை. அந்தக் காட்டோர எல்லையில் மரம் திருடுகிறவர்களைப் பிடிப்பதுதான் வாச்சரின் வேலை. அவரோ கால் மைலுக்கு அப்பாலிருந்தே இருமத் தொடங்கிவிடுவார். திருடன் ஆற அமர மரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் அந்த இருமல் நிற்கும்.

"கள்ளனப் புடிக்கத்தானேண்ணே ஒங்கள வச்சிருக்காங்க?" என்று அம்மா கேட்டாள்.

"அவனும் பயந்து நானும் பயந்து, எதுக்கு தங்கச்சி ரெண்டு பேருக்கும் செரமம்?"

காட்டுக்குள் எந்த மிருகத்தின் பெயரையும் அவர் வாயால் சொல்லமாட்டார். சொன்னால் வந்து நிற்குமாம். யானைக்குப் 'பெரிய தொரை' என்று பெயர். சிறுத்தை, 'சின்ன தொரை'. பாம்பு, 'கணக்கப்பிள்ளை'. அட்டைக்கு மட்டும் பெயர் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "எல்லாப் பேரும் பொருந்துதே, எத வைக்கிறது?" என்றார்.

நாங்கள் சிரித்தோம். ஆனால் பயம் எங்களுக்கும் இருந்தது. லயத்தின் கடைசிக் காம்பரா வீட்டில் இருந்த அத்தையை விரியன் கடித்தபோது, கம்பளியில் கட்டி ஆறு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காட்டுப் பாதையில் ஓடி, ஓடைமேல் கிடந்த ஒற்றை மரப்பாலத்தைக் கடந்து, ரோட்டைத் தொடுவதற்குள் கம்பளி பிணமாய்க் கனத்துவிட்டது. மறுநாள் காலையிலும் அதே பாதையில்தான் நாங்கள் பள்ளிக்கூடம் போனோம். வேறு பாதை கிடையாது.

அந்தப் பாதையில் எங்களை அழைத்துப் போனவர் வாச்சர்தான். இரவுக் காவல் முடிந்து டவுனுக்கு வெற்றிலை வாங்கப் போகிறவருக்குத் துணை வேண்டும். ஆறு பிள்ளைகள் போதுமான துணை என்பது அவர் கணக்கு.

காட்டுக்குள் நுழையுமுன் இலையோடு ஒரு கொப்பை ஒடித்து மரத்தில் தொங்கவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சிங்களவர்கள் கணதெய்யோவுக்கு என்பார்கள், நாங்கள் பிள்ளையாருக்கு என்போம். எல்லாரும் ஒன்று போடுவார்கள். வாச்சர் ஒவ்வொரு வளைவிலும் போடுவார். யானைக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று, வழுக்குப் பாறைக்கு ஒன்று, இன்னும் வராத மழைக்கு ஒன்று.

"ஒன்னு போதாதா மாமா? மணியடிச்சிருவாங்க!"

"ஒரு கொப்புக்கு ஒரு பயந்தான் போகும் புள்ள."

யானை வரக்கூடாது என்று யானைமுகத்தவரிடமே முறையிடுகிற அவருடைய துணிச்சலை மட்டும் நான் மெச்சினேன்.

யுத்த காலம் அது. டவுன் நுழைவாயில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது பெரியவர்களே தம் பெயரைத் தப்பாகச் சொல்வார்கள். ஒருநாள் வாச்சர் அந்தச் சாவடிக் கம்பத்திலேயே ஒரு கொப்பைச் செருகிவிட்டார். சிப்பாய் துப்பாக்கியோடு வந்து, "மே மொகத?" என்றான். இது என்ன என்று கேட்கிறான்.

"தெய்யன்ட்ட, மஹத்தயா. கடவுளுக்குங்க" என்றார் வாச்சர், இரண்டு மொழியிலும் நடுங்கியபடி.

சிப்பாய் கொப்பைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். கம்பத்திலிருந்து நழுவிய கொப்பை நிமிர்த்திச் செருகிவிட்டு, போகச் சொல்லிக் கையசைத்தான். அவன் ஊரிலும் ஒரு காடு இருந்திருக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். தோட்டத்து ஆபீஸிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் லயமே என்னிடம் கொண்டுவந்து நீட்டும். அந்தத் தலைக்கனம் எனக்கு இருந்தது. பள்ளியிறுதி ஓ.எல். பரீட்சை எழுதவேண்டிய வருடம், ஒருநாள் பொறுமை இழந்து அவர் தொங்கவிட்ட கொப்பைப் பிடுங்கி ஓடையில் வீசினேன்.

"இது வெறும் எல மாமா. ஒளிச்சேர்க்கை செய்யும். வேற ஒன்னும் செய்யாது. நாளையிலருந்து நீங்க என்கூட வர வேணாம்."

அவர் அதே இடத்தில் இரண்டு கொப்புகளைத் தொங்கவிட்டார். அதன்பிறகு என்னோடு வரவில்லை.

கணக்குப் பரீட்சைக்கு முதல்நாள். மூன்று நாள் ஓயாத மழையில் மதியம் மலைச்சரிவு பிடுங்கிக்கொண்டு இறங்கியது. பாதையும் போயிற்று, மரப்பாலமும் போயிற்று. கணக்கில் தவறினால் ஓ.எல். இல்லை. ஓ.எல். இல்லாவிட்டால் தோட்டத்தில் என் பெயரைப் பதிந்து, தலையில் கொழுந்துக் கூடையை மாட்டிவிடுவார்கள். அம்மா இரவெல்லாம் தூங்கவில்லை.

மிச்சமிருந்தது ஒரே வழி. காட்டுக்குள் மேலேறி, கித்துள் மரத்தில் கள் இறக்குகிறவர்களின் பழைய தடத்தைப் பிடித்து, பஸ் போகும் மோட்டார் பாலத்தடியில் இறங்க வேண்டும். அந்தத் தடம் தெரிந்தவர் எங்கள் லயத்தில் வாச்சர் மட்டுந்தான். வெளிச்சம் வருமுன் அவர் கதவைத் தட்டினோம். பூட்டுத் தொங்கியது.

"நேத்து மத்தியானமே ஆளக் காணோம். மண்ணு சரிஞ்ச பயத்துல எங்கயோ ஓடிட்டாரு, கோழைப்பய மனுசன்!" என்று அம்மா திட்டினாள். திட்டிக்கொண்டே என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

காட்டுவாயில் ஒரு கொப்பு தொங்கியது. அது வழக்கந்தானே என்று கடந்தோம். தடம் இரண்டாகப் பிரிந்த இடத்தில் இடப்பக்கம் இன்னொன்று. கத்தியால் வெட்டிய புதுக்கொப்பு.

"அம்மா, இது வாச்சர் மாமா போட்டது."

அதன்பின் நாங்கள் கொப்புக்குக் கொப்பு நடந்தோம். பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. எங்கோ மூங்கில் முறிந்தது. காலில் அட்டை ஏறியது. தட்டிவிட நிற்கவில்லை.

ஓரிடத்தில் நேர்த்தடத்தின் குறுக்கே கொப்புகள் வரிசையாகத் தொங்கின. எண்ணினேன், ஒன்பது. பக்கத்தில் பள்ளமாக இறங்கிய சின்னத்தடத்தில் ஒன்றே ஒன்று.

"நேராப் போவமா?" என்றாள் அம்மா.

"ஒரு கொப்புக்கு ஒரு பயம்மா. அங்க நின்னு ஒம்போது தடவை பயந்திருக்காரு."

பள்ளத்தில் இறங்கினோம். இருபதடி போயிருப்போம், மேலே நேர்த்தடத்தில் மரம் சரசரவென்று சாய்ந்தது. கனத்த மூச்சு ஒன்று கேட்டது. சாணி வாடை அடித்தது. அம்மா என் வாயைப் பொத்தினாள், நான் அம்மா வாயைப் பொத்தினேன். பெரிய தொரை ஆடி அசைந்து போகும்வரை அப்படியே கிடந்தோம்.

மோட்டார் பாலத்தடிக் கடை வாசலில், இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தையே இழுத்துப் போர்த்திக்கொண்டு வாச்சர் குந்தியிருந்தார். கால் இரண்டும் அட்டைக்கடி ரத்தம்.

"ஏண்ணே, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!" என்றாள் அம்மா.

"சொன்னா இந்த டீச்சரம்மா வேணான்னிருப்பா" என்று என்னைக் காட்டினார்.

"சரி, கொப்பக் கட்டிட்டுத் திரும்பி வந்திருக்கலாமே மாமா?" என்றேன் நான்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "திரும்பி வரப் பயமா இருந்துச்சு புள்ள. தனியா எப்புடி வர்றது?"

பஸ்ஸைப் பிடித்தோம். பரீட்சை மண்டபத்தின் கதவை மூடப்போகும் நேரத்தில் உள்ளே போனேன். சாயங்காலம் வெளியே வந்தபோது கேட்டோரம் அம்மாவும் வாச்சரும் நின்றார்கள். எனக்காகத்தான் நிற்கிறார் என்று நெகிழ்ந்தேன். "வா புள்ள, இருட்டுமுன்ன என்னக் கொண்டுபோய் வீட்டுல விடு" என்றார்.

கணக்கில் நான் பாஸ். இன்று பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று மாலை காட்டுவாயில் நின்று, நானே ஒரு கொப்பை ஒடித்துத் தொங்கவிட்டேன்.

"எதுக்கு புள்ள? வெறும் எலன்னியே."

"இது பெரிய தொரைக்கு மாமா."

இன்னொன்றையும் ஒடித்து அதன் பக்கத்தில் தொங்கவிட்டேன். அது எதற்கென்று அவர் கேட்டார், நான் சொல்லவில்லை. அது, இந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயத்துக்கு.