அக்கா வீட்டுக்குக் கிழக்கு வழி

எங்கள் தெருவில் மொத்தம் இருபத்திரண்டு வீடு. அதில் உலகத்தைச் சுற்றி வராத குடும்பங்கள் இரண்டுதான் பாக்கி இருந்தன. ஒன்று என் குடும்பம். அதைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை என்று நான் சொன்னால் என் மனைவி சிரிப்பாள். இன்னொன்று எதிர்வீட்டு உட்பிரிவின் குடும்பம்.

உட்பிரிவு என்பது தெரு வைத்த பெயர். லீவு அனுமதிப் பிரிவில் முப்பத்துமூன்று வருஷம் உட்கார்ந்து, லீவு கேட்டவர்களுக்கெல்லாம் ஏதாவதொரு உட்பிரிவைக் காட்டி வெறுங்கையோடு அனுப்பியவர். நேர்மையில் குறை சொல்ல முடியாது. தன்னுடைய லீவு மனுவையும் தானே பரிசீலித்துத் தானே நிராகரித்திருக்கிறார். பதினோரு வருஷம் விடாமல். அதனால் அவர் சம்சாரம் பதினோரு வருஷமாகத் தன் அக்காவைப் பார்க்கவில்லை. அக்கா ஒன்றும் கண்காணாத தேசத்தில் இல்லை. பக்கத்து ஊர்தான். மேற்கே, பஸ்ஸில் நாலு மணி நேரம். தனியாகப் போகலாமே என்றால், வீட்டுக்கும் அவர்தான் அனுமதிப் பிரிவு.

ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் அந்த அம்மா கேட்டார்.

"என்னங்க, இனிமே லீவே தேவையில்லையே. அக்காவைப் போய்ப் பாத்துட்டு வந்துடலாமா?"

"தாராளமா. ஆனா பஸ்ஸுல போய்ட்டு பஸ்ஸுல வந்தா தெருவுல எவன் மதிப்பான்? அவனவன் உலகத்தைச் சுத்திட்டு வந்து வாசல்ல போட்டோ மாட்டி வெச்சிருக்கான். நாமளும் சுத்துவோம். அப்படியே வழியில அக்காவையும் பாத்துடுவோம்."

இருவரும் உலகம் சுற்றும் டிக்கெட் அலுவலகத்துக்குப் போனார்கள். அதிகாரியின் மேசையில் ஓர் உலக உருண்டை இருந்தது. அது ஒரு பக்கமாகத்தான் சுற்றும். மறுபக்கம் திருப்பினால் சிக்கிக்கொள்ளும்.

"முதல் விதி, ஒரே திசை," என்றார் அதிகாரி. "கிழக்கேன்னா கிழக்கேதான். திரும்பி ஒரு அடி வைக்கக் கூடாது."

"எங்க அக்கா மேற்கே இருக்காங்களே சார்," என்றார் அந்த அம்மா.

"இந்த அரையாண்டு முழுக்க எங்களுக்குக் கிழக்குதாம்மா. கிழக்கே போய்க்கிட்டே இருங்க, மேற்கு தன்னால வரும். உங்க அக்கா ஊருதான் கடைசி."

"எத்தனை நாளாகும்?"

"நாப்பது நாள். நடுவுல ரெண்டு பெருங்கடல் தாண்டணும். ஒவ்வொண்ணையும் ஒரே ஒரு தடவைதான்."

"நான் கடலைப் பாக்கப் போகலைங்க. அக்காவைப் பாக்கப் போறேன்."

"அக்காவைப் பாக்கறதுக்கு எந்தத் தடையும் இல்லை. கடல் தாண்டாம பாக்கறதுக்குத்தான் தடை."

அதற்குள் உட்பிரிவு விதிப் புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிப் புரட்ட ஆரம்பித்திருந்தார். ஓர் ஊரில் இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அது 'தங்கல்'. மொத்தம் எட்டுத் தங்கல்தான் உண்டு. இருபத்துநாலு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் அந்த ஊருக்கு வரவே இல்லை என்று பொருள். நடுவில் ஒரு விமானத்தை விட்டாலும் மிச்ச டிக்கெட் எல்லாம் செல்லாது.

"ஆஹா! என்ன எழுத்து!" என்றார் உட்பிரிவு. கல்யாணத்தன்றுகூட அவர் முகம் அப்படி மலர்ந்து பார்த்ததில்லை என்று அந்த அம்மா பிற்பாடு என் மனைவியிடம் சொன்னார்.

எட்டாவது தங்கல் அக்காவுக்கு என்று ஒதுக்கிவிட்டுக் கிளம்பினார்கள். போன ஊர்களிலெல்லாம் உட்பிரிவு அறையை விட்டு அசையாமல் அடுத்த ஊருக்கான விதியைப் படித்தார். அந்த அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, அக்காவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினார்.

ஏழாவது தங்கலும் முடிந்து, அக்கா ஊருக்கு வரும் வழியில் விமானம் மாற இறங்கிய இடத்தில் மூடுபனி. ஒரு விமானமும் கிளம்பவில்லை. இருபத்தாறு மணி நேரம் இரும்பு நாற்காலியில் கிடந்தார்கள். அந்த அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பனியில் ஊரின் ஒரு விளக்குக்கம்பம்கூடக் கண்ணில் படவில்லை. மறுநாள் கவுண்டரில் இருந்த பெண் சீட்டில் 'தங்கல்' என்று முத்திரை குத்தி, எங்கள் நகரின் அழகை ரசித்திருப்பீர்கள் என நம்புகிறோம் என்றாள்.

"என்னங்க இது? நாம எங்கங்க தங்கினோம்?"

"இருபத்துநாலு தாண்டிடுச்சே. முத்திரை சரிதான்."

"அப்போ அக்காவுக்கு வெச்சிருந்த தங்கல்?"

உட்பிரிவு புத்தகத்தை மூன்று தரம் புரட்டினார். "போயிடுச்சு," என்றார்.

அக்கா ஊரில் இறங்கினார்கள். அடுத்த விமானம் ஒன்றே முக்கால் மணி நேரத்தில். அதை விட்டால் மறுநாள்தான், அதற்குள் இருபத்தைந்து மணி நேரம் ஆகிவிடும். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா கூடையோடு நின்றுகொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. இந்தப் பக்கம் ஒரு கவுண்டர், அதில் ஓர் அதிகாரி.

"உங்க அக்கா இந்த ஊர்ல இருக்காங்க, வாஸ்தவம்," என்றார் அவர். "ஆனா நீங்க இந்த ஊர்ல இல்லையேம்மா. இந்த ஊரைக் கடந்துக்கிட்டில்ல இருக்கீங்க."

"அதோ நிக்கறாங்க பாருங்க சார். கூப்பிடு தூரம்."

"நல்லா பாருங்க. பார்வைக்கு விதி கிடையாது."

"நான் வெளிய போய்ட்டா?"

"கடைசி டிக்கெட் ரத்து. உலகம் முழுசாகாது. பஸ் தூரத்துக்கு, ஒரு நாலு மணி நேரம், துண்டு விழும்."

அந்த அம்மாவின் போன் அடித்தது. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா. "ஏண்டி, அங்கேயே நின்னு அந்த ஆளுகிட்ட என்னடி பேச்சு? எனக்குக் கால் கடுக்குது, வாடி!"

"அவசரப்படாதே," என்றார் உட்பிரிவு. "ஊருக்குப் போய் முறைப்படி ஒரு மனு எழுதி..."

"நீங்க போய் உலகத்தை முழுசாக்கிட்டு வாங்க. நான் எங்க அக்காகிட்ட போறேன்."

கதவு திறந்தது. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பதினோரு வருஷத்து அழுகை, சீக்கிரம் முடியவில்லை. காவலர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

உட்பிரிவு தனியாகப் பறந்து வந்து அலுவலகத்தில் சீட்டை நீட்டினார். தம்பதி டிக்கெட்டில் ஒரு பாதி வந்து சேராததால் தம்பதி உலகத்தைச் சுற்றவில்லை என்றும், சுற்றாதவர்கள் கிளம்பவே இல்லை எனக் கருதப்படுவார்கள் என்றும் தீர்ப்பாயிற்று. அவர் படித்துப் பார்த்து, "குத்தம் சொல்ல முடியாது," என்றார்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. தெருவே கூடிவிட்டது.

"உலகத்துலயே எந்த இடம் நல்லா இருந்துச்சு?"

"எங்க அக்கா வீட்டுக் கூடம். மத்தியானம் ரெண்டு பேரும் தரையில படுத்துக்கிட்டுப் பேசிக்கிட்டே கிடந்தோம்."

உலகத்தைச் சுற்றிய இருபது குடும்பத்துக்கும், நாலு மணி நேரத் தொலைவில் பார்க்காமல் விட்ட யாரோ ஒருவர் இருந்தார். மறுநாள் முதல் எங்கும் ஒரே பேச்சு, அக்காவைப் பார்க்கப் போக வேண்டும். ஆனால் சும்மா கிளம்பிப் போனால் எவன் மதிப்பான்? ஒரே மாதத்தில் அதற்கும் அலுவலகம் திறந்துவிட்டார்கள். 'அக்கா டிக்கெட்'. விதிகளை வகுக்க உட்பிரிவையே தேடிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் சம்சாரம் அடுத்த தடவை போவதற்குக் கொடுத்த மனுவும் அவர் பரிசீலனையில்தான் இருக்கிறது.

எனக்கு அக்கா இல்லை, அடுத்த தெருவில் ஓர் அண்ணன். அவரை அக்காவாகக் கருத அனுமதி கேட்டு மூன்று மாதமாக வரிசையில் நிற்கிறேன். எனக்கு நாலு ஆள் முன்னால் இன்னொருவர் நிற்கிறார். அவருக்கும் அக்கா இல்லை, ஒரே ஒரு தம்பிதான். தம்பியை அக்காவாகக் கருத மனு போட்டிருக்கிறார். அந்தத் தம்பி நான்தான். டிக்கெட் வாங்கும் முன் பேசிவிட்டால் சந்திப்பு முடிந்துவிட்டதாகக் கருதப்படும் என்று ஒன்பதாவது விதியில் தெளிவாக இருக்கிறது. அதனால் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.