அழுகைக்கு ஒத்திகை

சாவிக்காரர் திறக்காத பூட்டு கிடையாது. பீரோவோ, பைக்கோ, கடை ஷட்டரோ, எதுவானாலும் ஒரு கம்பியை விட்டு ஒரு திருகு திருகுவார். வாயைப் பிளந்துகொண்டு திறந்துவிடும். அவர் திறக்க முடியாதது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். பெண்டாட்டிக்கு எதிரில் தன் வாய்.

அப்படிப்பட்டவர் அன்றைக்கு ஒரு சபதம் போட்டார். மனசுக்குள்ளேதான். ‘இவள் பரீட்சைக்குப் போகக் கூடாது.’

பெண்டாட்டி மழலையர் பள்ளியில் ஆயா. மூக்குத் துடைக்கிறதும் ஈர உடுப்பு மாற்றுகிறதும் அவள் வேலை. மகள் பொடிசையும் கூடவே கூட்டிப் போய்விடுவாள். இப்போது சின்னக் குழந்தைகளுக்கான டீச்சர் பரீட்சை வந்திருக்கிறது. பெரிய மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், “பாஸ் பண்ணினா நீ டீச்சர். இல்லேன்னா அந்த இடத்துக்கு வெளியிலேர்ந்து ஆள் எடுத்துடுவேன்.” அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சாவிக்காரருக்கும் இறங்கவில்லை. காரணம் வேறு. டீச்சரானால் சொந்தப் பிள்ளையை வகுப்பில் வைத்துக்கொள்ளக் கூடாதாம். அப்போது பொடிசு எங்கே போகும்? சாவிக் கடைக்கு! போன தடவை கொஞ்ச நேரம் கடையில் விட்டதற்கே, யாரோ கொடுத்த ஒரிஜினல் சாவியைச் சாக்கடையில் போட்டுவிட்டு, “எங்கப்பா வேற செய்வாரு” என்று வாடிக்கையாளருக்கே தைரியம் சொன்ன பிள்ளை அது.

பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் போய் அழாத குறையாக நின்றார்.

“போகாதேன்னு நேரா சொல்லிட வேண்டியதுதானே?”

“உங்க வீட்ல நீங்க அப்படிச் சொல்வீங்களாண்ணே?”

தையல்காரர் உதட்டில் இருந்த ஊசியை எடுத்தார். “நான் ஏன் எப்பவும் வாயில ஊசியோட இருக்கேன்னு நினைக்கிற?” அப்புறம் மெதுவாகச் சொன்னார், “புள்ளைய அழ விடு. காலைக் கட்டிக்கிட்டு அழற புள்ளைய எந்தத் தாய் உதறிட்டுப் போவா?”

யோசனை பிரமாதம். ஆனால் பொடிசு அழுகிற ரகம் இல்லை. அழவைக்கிற ரகம்.

அன்று சாயங்காலம் பெண்டாட்டி பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடத்தை முணுமுணுத்தாள். “குழந்தையின் கண்மட்டத்துக்குக் குனிய வேண்டும். சொல்லாமல் நழுவக் கூடாது. எப்போது வருவோம் என்று சொல்ல வேண்டும்...” தட்டு கை நழுவி விழுந்தது.

“என்னங்க, எழுதுறதுகூடப் பரவால்ல. அழற புள்ளைய சமாதானம் பண்ணிக் காட்டச் சொல்வாங்களாம். மேடம்மாருங்க உக்காந்து பாத்தா எனக்குக் கை நடுங்குமே.”

“ஐயோ பாவம்,” என்றார் இவர், பாவமே இல்லாமல்.

“ஒத்திகை பாக்கணும். நீங்க குழந்தையா நடிக்கறீங்களா?”

சாவிக்காரருக்குள் ஒரு பூட்டு கிளிக்கென்றது. தான் அழுதால் பொடிசு பார்க்கும். பார்த்தால் கற்றுக்கொள்ளும்!

அதற்கப்புறம் தினமும் வாசலில் உருண்டார். “அம்மா போகாதே! அம்ம்ம்மா!” தையல்காரர் சுவரைத் தட்டுகிற அளவுக்கு அழுதார். பெண்டாட்டி மண்டிபோட்டு உட்காருவாள். “அம்மா போறது உனக்குக் கஷ்டமா இருக்கா? சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் வந்துடுவேன். ரொட்டி வேணுமா, பால் வேணுமா?” சொல்லும்போதே வார்த்தை தடுக்கும். நடுவில் மறந்துபோவாள். “பாப்பா, இப்ப நீ டீச்சரா இரு. அம்மா தள்ளி நின்னு பாக்கறேன்” என்பாள். பொடிசு வந்து அப்பா தலையைத் தடவிக் கொடுக்கும்.

பெண்டாட்டி அந்தண்டை போனதும் இவர் பிஸ்கட்டை நீட்டுவார். “அம்மா செருப்பு போட்டதும் அப்பா மாதிரியே அழணும். சரியா?”

பொடிசு தலையை ஆட்டும். பிஸ்கட் வாயில் இருக்கும்போது அது எதற்கும் தலையை ஆட்டும்.

பரீட்சை நாள் வந்தது. பெண்டாட்டி முகத்தில் ரத்தமே இல்லை. செருப்பு மாட்டினாள், வலது கால் இடதுக்குப் போனது. “முடியும்னு தோணலைங்க. போகாம இருந்துடவா?”

இதோ, பூட்டு பாதி திறந்துவிட்டது! இன்னும் ஒரு திருகுதான். சாவிக்காரர் பொடிசைப் பார்த்தார். இருமினார். கண்ணடித்தார். பிஸ்கட்டைக் காட்டினார். பொடிசு பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு, “டாட்டா அம்மா!” என்றது.

பதறிப்போனார். மறந்துவிட்டதோ? எடுத்துக் கொடுக்கலாம் என்று தானே ஆரம்பித்தார். “அம்மா போகாதே! அம்ம்மா!” கடையில் சாவிகளோடு பொடிசு நிற்பதை நினைத்தார். கண்ணீர் நிஜமாகவே கொட்டியது.

பெண்டாட்டி திரும்பினாள். அழுகிற முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் விட்டுப்போனது. பையை வைத்தாள். மண்டிபோட்டாள்.

“நான் போறது உங்களுக்குக் கஷ்டமா இருக்கா?”

“ஆமா,” என்றார். உண்மை தானாகவே வெளியே குதித்துவிட்டது.

“சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் வந்துடுவேன்.” ஒரு வார்த்தை தடுக்கவில்லை. அவளுக்கே ஆச்சரியம். விறுவிறுவென்று தெருமுனை தாண்டிவிட்டாள்.

சாவிக்காரர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு சின்னக் கை தலையைத் தடவியது.

“அழாதப்பா. ரொட்டி வேணுமா, பால் வேணுமா?”

“...பால்.”

“பாத்து எடுத்துக் குடிப்பா. கீழ ஊத்தாதே.”

குடித்தார். படுக்கச் சொன்னது, படுத்தார். கண் விழித்தபோது பெண்டாட்டி நடுவீட்டில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

“பாஸுங்க! அங்கேயே சொல்லிட்டாங்க. ஒரு மேடம்தான் அழற புள்ளையா நடிச்சாங்க. நீங்க அழுததுல பாதி வராது.”

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

“பிஸ்கட் டப்பா காலியாகறப்பவே உங்க திட்டம் தெரியும்,” என்றாள் மெதுவாக. “பாப்பா என்கிட்ட எதைத்தாங்க மறைச்சிருக்கா? அதான் அவளையும் டீச்சராக்கினேன்.” பிறகு மகள் பக்கம் குனிந்தாள். “அப்பா ரொம்பப் படுத்தினாராடி?”

பொடிசு பெரிய மேடம் மாதிரி கையைக் கட்டிக்கொண்டது.

“கொஞ்ச நேரந்தாம்மா அழுதாரு, அப்புறம் சமத்தா இருந்தாரு. நாளைக்கு நானே கடைக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாத்துக்கறேன்.”