ஓட்டுநருக்கு ஆகாத ஹெட்ரெஸ்ட்

சாலைப் பாதுகாப்பு குறித்து மக்களுக்கு அறிவூட்டுவதற்கென்றே விழுப்புரத்தில் ஓர் அலுவலகம் இருந்தது. அந்த அலுவலகத்துக்கு 2009ஆம் ஆண்டு, பழைய அம்பாசிடருக்குப் பதிலாக, அரசு ஒரு புதிய காரை வழங்கி அருளியது. சந்தனப் பொட்டு, எலுமிச்சம்பழம் எல்லாம் முறைப்படி நடந்தேறின.

ஓட்டுநர் தொம்மைக்கு அன்றுதான் விடிந்தது. பதினாறு வருடம் அம்பாசிடர் ஓட்டியதில் அவர் கழுத்து கெட்டுப்போயிருந்தது. பின்னால் யாராவது கூப்பிட்டால் உடம்போடுதான் திரும்புவார். அந்த வண்டியில் தலை சாய ஒன்றும் கிடையாது. புதுக் காரிலோ எல்லா சீட்டிலும் ஹெட்ரெஸ்ட். தொம்மை தலையைச் சாய்த்துப் பார்த்தார். பாவம், மனிதருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"இன்னா சொகம் மேடம். ரிட்டயர் ஆவுற வரைக்கும் இப்டியே ஓட்டிக்கினு போயிடுவேன்" என்றார், கண்காணிப்பாளர் அம்சாவிடம்.

அந்தச் சுகம், அலுவலர் பாண்டுரங்கன் பின்சீட்டில் வந்து உட்காரும் வரைதான் நீடித்தது. வெள்ளைத் துண்டு விரித்த சீட்டில் அமர்ந்த பாண்டுரங்கன் முன்னால் பார்த்தார். பக்கத்தில் பார்த்தார். மறுபடி முன்னால் பார்த்தார்.

"தொம்மை, உன் ஹெட்ரெஸ்ட்டும் என் ஹெட்ரெஸ்ட்டும் ஒரே உசரமா?"

"கம்பெனிலயே அப்டித்தான் வந்துக்குதுங்க ஐயா."

"கம்பெனிக்கு யாரு என்னன்னு தெரியாது. நமக்குத் தெரியணும் இல்ல?"

அன்று மாலையே கோப்பு நகர்ந்தது. 'ஓட்டுநர் என்பவர் பணி நேரத்தில் தலை சாய்க்கும் தேவை எழாதவர்; சாய்த்தால் உறங்கக்கூடியவர்; எனவே பொதுநலன் கருதி' அவருடைய ஹெட்ரெஸ்ட் கழற்றப்பட்டு, பீரோவில் வைத்துப் பூட்டப்பட்டது. அலுவலரின் ஹெட்ரெஸ்ட், பதவிக்கு ஏற்ப, கம்பி முழுவதும் வெளியே தெரியும்படி உச்சிக்கு உயர்த்தப்பட்டது.

பாண்டுரங்கன் பதவியில் உயர்ந்தவர். ஆள் அப்படி இல்லை. ஹெட்ரெஸ்ட் அவர் தலைக்கு மேலே கோபுரக் கலசம் போல நின்றது. தலை சாய்த்தால் கம்பிதான் குத்தியது. ஆனால் தன் பதவி தன்னைக் குத்துகிறது என்று எந்த அலுவலர் வாய்விட்டுச் சொல்வார்?

தொம்மை அம்சாவிடம் போய் நின்றார். "கழுத்து வலி தாங்கலங்க மேடம். பீரோல சும்மாதான கெடக்குது. குடுத்துடுங்களேன்."

"சும்மா கெடக்கல தொம்மை. பாதுகாப்பா இருக்குது. நம்ம ஆபீஸ் வேலையே பாதுகாப்புதான?"

பாதுகாப்பு வாரம் வந்தது. திண்டிவனத்தில் கூட்டம். 'காரில் ஹெட்ரெஸ்ட்டின் அவசியம்' என்பது அலுவலருக்குத் தரப்பட்ட தலைப்பு. போகிற வழியில் கூட்டேரிப்பட்டில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. தொம்மை பிரேக் போட்டார். மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த டெம்போ, மெதுவாகத்தான், முட்டியது. காருக்கு ஒன்றும் இல்லை. அலுவலரின் தலை மட்டும் ஹெட்ரெஸ்ட்டுக்குக் கீழே பின்னால் போய்த் திரும்பி வந்தது. வந்த தலை இடப்பக்கம் பார்த்தபடி நின்றுவிட்டது. தொம்மையின் கழுத்திலும் மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அது கோப்பில் ஏறவில்லை.

மேடையில் அலுவலர் அரைமணி நேரம் பேசினார். கூட்டம் நேர் எதிரே இருந்தது. இடப்பக்கம் டீ ஊற்றிக்கொண்டிருந்தவர்தான், தனக்கே சொல்கிறார் என்று நினைத்து, கடைசிவரை தலையாட்டிக் கேட்டார்.

மறுநாள் விசாரணை நடந்தது.

"கொஞ்சம் எறக்கிடலாங்களா ஐயா?" என்றார் தொம்மை.

அம்சா பதறிப்போனார். "ஏத்துனத எறக்குனா பதவி எறக்கம்னு பேசுவாங்க ஐயா. அது அங்கியே இருக்கட்டும். நீங்கதான் ஒசரணும்."

நியாயமாகவே பட்டது. அலுவலரை உயர்த்த மெத்தென்று ஏதாவது வேண்டும். புதிதாக வாங்க நிதி ஒதுக்கீடு இல்லை. பீரோ திறக்கப்பட்டது. தொம்மையின் ஹெட்ரெஸ்ட், துண்டு போர்த்தி, அலுவலருக்கு அடியில் வைக்கப்பட்டது. அதன் பிறகு வேகத்தடை வரும்போதெல்லாம் அலுவலரின் தலை கார்க் கூரையைத் தட்டியது. தன் கழுத்துக்கு வந்த சுகத்தின்மேல் இன்னொருவர் உட்கார்ந்து வருவதை, ஓய்வு பெறும்வரை தொம்மை கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினார். வயிறு எரியாதா? எரிந்தது.

ஓய்வு பெற்ற கையோடு சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கினார். முதல் பயணம் திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்கு. மனைவி அமல்ராணியின் தம்பி வளன் ஓட்டினான். அவனும் லாரி ஓட்டிக் கழுத்தைக் கெடுத்துக்கொண்டவன்தான்.

"இன்னா சொகம் மாமா" என்று ஹெட்ரெஸ்ட்டில் தலையைச் சாய்த்தான்.

பின்சீட்டில் வெள்ளைத் துண்டு விரித்து உட்கார்ந்திருந்த தொம்மை முன்னால் பார்த்தார். பக்கத்தில் பார்த்தார். மறுபடி முன்னால் பார்த்தார்.

"வண்டிய ஓரங்கட்டு மச்சான். அத்தக் கழட்டி இங்க குடு."

"உங்களுக்குத்தான் பின்னால ஒண்ணு கீதே, மாமா?"

"அது தலைக்கு. குடு."

வாங்கித் தனக்கு அடியில் போட்டுக்கொண்டார். அமல்ராணி அவரை ஒருமுறை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கூட்டேரிப்பட்டு வேகத்தடையில் தொம்மையின் தலை கூரையில் டொக்கென்று இடித்தது. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள், யார் என்ன என்று கேட்காமல், எழுந்து நின்று கும்பிட்டார்கள்.