பதினோரு நொடி இசையமைப்பாளர்

மனித குலத்தில் ‘ஆரம்பிக்கப்போகிறவர்’ என்று ஓர் உட்பிரிவு உண்டு. நாவல் எழுத ஆரம்பிக்கப்போகிறவர், உடம்பைக் குறைக்க ஆரம்பிக்கப்போகிறவர் என்று அதில் பல கிளைகள் இருந்தாலும், இன்றைக்குக் கிடுகிடுவென்று பெருகிவருவது கம்ப்யூட்டரில் இசையமைக்க ஆரம்பிக்கப்போகிறவர்தான். முன்பெல்லாம் இசைப் பைத்தியம் பிடித்தவர் ஏதாவது ஒரு வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு நாலு வருடம் அல்லாட வேண்டியிருந்தது. இப்போது ஒரு லேப்டாப் போதும். எல்லா வாத்தியமும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பிறகென்ன, ஆரம்பிக்க வேண்டியதுதானே?

அங்கேதான் அவரைப் புரிந்துகொள்ளாமல் பேசுகிறீர்கள். ஆரம்பிப்பதற்கு முன்னால் எவ்வளவு வேலை இருக்கிறது தெரியுமா? எந்த மென்பொருள் நல்லது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு மாதம். இறக்கிய மென்பொருள் சரியில்லை, பெரிய ஆட்கள் எல்லாம் வேறொன்றுதான் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவந்து மாற்ற வேண்டும். அதற்கு இன்னொரு மாதம். அறைச் சுவரில் எதிரொலி வராமல் இருக்கப் பஞ்சுத் தகடு ஒட்ட வேண்டும், ஒட்டியது விழ வேண்டும், மறுபடி ஒட்ட வேண்டும். பத்தே நிமிடத்தில் முதல் பாட்டு போடுவது எப்படி என்ற வீடியோவை மூன்று வாரம் பார்க்க வேண்டும். மேடைப் பெயர் ஒன்று யோசிக்க வேண்டும், அது ஏற்கெனவே யாருக்கோ இருப்பது தெரிந்து மனம் உடைய வேண்டும். பாட்டு எங்கே என்று கேட்கிறீர்களா? அவசரக் குடுக்கைகளுக்கெல்லாம் இவர் பதில் சொல்வதில்லை.

நம் கைக்குக் கிடைத்த மாதிரி ஆசாமி, ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் விபத்துக் கோரிக்கைகளைச் சரிபார்க்கிறவர். வயது நாற்பத்து மூன்று. நல்ல மனிதர். காய்கறி நறுக்கித் தருவார், கோபம் வராது, மனைவியின் செருப்பு பிய்ந்தால் அவள் சொல்வதற்கு முன்பே தைத்து வாங்கி வைத்துவிடுவார். அவருடைய லேப்டாப்பைத் திறந்தால் கண்ணைப் பறிக்கும். தாளத்துக்கு நீலம், வயலினுக்குப் பச்சை, குரலுக்கு ஆரஞ்சு என்று வண்ண வண்ணப் பட்டைகள், ஒவ்வொன்றுக்கும் அழகாகப் பெயர், ஒவ்வொன்றும் காலி. தாளப் பட்டையில் மட்டும் பதினோரு நொடிக்கு ஏதோ இருந்தது.

அந்தப் பதினோரு நொடியை அவர் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமை கேட்டால் அமிர்தமாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை கேட்டால் தகர டப்பாவாக இருக்கும். உடனே டும் சத்தத்தை மாற்றுவார். அவரிடம் நானூற்றுப் பன்னிரண்டு வகை டும் சத்தம் இருந்தது. மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “முதல்ல வந்தது நல்லாயிருக்கா, ரெண்டாவதா வந்தது நல்லாயிருக்கா?” என்று கேட்பார். அவள் ஏதோ ஒன்றைச் சொல்லிவைப்பாள். இரண்டும் ஒன்றுதான், உன் காதைச் சோதித்தேன் என்பார். இப்படிப்பட்டவரோடு பதினைந்து வருடம் குடித்தனம் நடத்துவதற்குத் தனி மனசு வேண்டும், அது அவளுக்கு இருந்தது.

அவள் பிசியோதெரபிஸ்ட். ஆஸ்பத்திரியில் முட்டிவலிக்காரர்களுக்குக் காலைத் தூக்கி இறக்கப் பழக்குகிற வேலை. வருகிறவர்கள் பத்து நாள் ஒழுங்காகச் செய்வார்கள், வீட்டுக்குப் போனதும் விட்டுவிடுவார்கள், ஆறு மாதத்தில் இன்னும் மோசமான முட்டியோடு திரும்பி வருவார்கள். தனியாகச் செய்வதால்தான் சலித்துப்போகிறது, பத்துப் பேர் சேர்ந்து செய்தால் விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. தோன்றியதை நம்பி வேலையை விட்டாள். நூலக மண்டபத்தைக் கேட்டாள். நூலகர் அம்மாள் கறாரானவர். ஒரு சனிக்கிழமை காலை நடத்திக் காட்டு, வந்தவர்கள் கடைசிவரை இருந்தால் வாரம் இரண்டு நாள் மண்டபம் உனக்கு, பாதியில் கலைந்து போனால் அத்தோடு சரி என்று சொல்லிவிட்டார். மறுபடி ஆஸ்பத்திரியில் போய் நிற்பதை அவள் நினைத்துப் பார்க்கவும் விரும்பவில்லை.

வகுப்புக்குப் பாட்டு வேண்டும். போனில் இருக்கிற எதையாவது போட்டுக்கொள்கிறேன் என்றாள். கேட்டால்தானே நம் ஆள். வீட்டிலேயே இசையமைப்பாளரை வைத்துக்கொண்டு அடுத்தவன் பாட்டா? நிமிடத்துக்கு எத்தனை அடி வேண்டும் என்று மட்டும் சொல், மீதியை என்னிடம் விடு என்றார். தொண்ணூறு என்றாள். நாற்பது நிமிடப் பாட்டு, கைவசம் ஏழு வாரம். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

முதல் மூன்று வாரம் ஹெட்போன் ஆராய்ச்சியில் போயிற்று. வெளிச் சத்தம் ஒரு துளியும் உள்ளே வராத ஹெட்போன் இல்லாமல் யாராவது வேலை செய்வார்களா? நாலாவது வாரம் மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டதில் பொத்தான்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன. ஐந்தாவது வாரம் வண்ணங்களை மாற்றினார், ஆறாவது வாரம் பழைய வண்ணங்களுக்கே திரும்பினார். வகுப்புக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அலுவலகத்திலிருந்து வந்தவரை வாசலிலேயே நிறுத்தி அவள் கேட்டாள்.

“என்னங்க, பாட்டு எந்த அளவுல இருக்கு?”

போட்டுக் காட்டினார். டும், டக், டும்டும், டக். பதினோரு நொடி. நன்றாகவே இருந்தது.

“அப்புறம்?”

“அப்புறம் திரும்ப இதே வரும்.”

அவள் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். ஆனால் இந்த வகை மனிதர் எந்த இடத்திலும் மாட்டிக்கொள்வதில்லை. பாட்டு முடியவில்லை என்றால் என்ன, நான் லைவாகப் பண்ணுகிறேன் என்றார். டிஜே மென்பொருள் ஏற்கெனவே இறக்கியாயிற்று, இரண்டு வட்டத் தட்டு வைத்த கருவியும் அலமாரியில் இருக்கிறது, இந்தத் தட்டில் ஒரு துண்டு, அந்தத் தட்டில் ஒரு துண்டு, மாற்றி மாற்றிக் கலந்தால் நாற்பது நிமிடம் என்ன, நாலு மணி நேரம் ஓட்டலாம். இதற்கு முன் டிஜே செய்திருக்கிறீர்களா என்று அவள் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மண்டபத்தில் பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள், ஆளுக்கொரு நாற்காலி, அதன் முதுகைப் பிடித்தபடி நின்றார்கள். நூலகர் அம்மாள் கதவோரம் கைகட்டி நின்றார். நம் ஆள் மூலையில் மேசை போட்டு, கறுப்புச் சட்டையில், ஒயர்களுக்கு நடுவே இருந்தார். எட்டு ஒயர்களில் ஏழு ஒயரை மிகச் சரியாகச் செருகினார். எட்டாவது, மண்டபத்து ஸ்பீக்கருக்குப் போக வேண்டியது. பாட்டு வெளியே போகும் துளையை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த மைக் துளையில் அதைச் செருகிவிட்டார். மைக் துளை சத்தத்தை உள்ளே வாங்குமே தவிர வெளியே ஒரு முனகல்கூட விடாது. ஹெட்போனை மாட்டினார். பிரமாதமாகக் கேட்டது. மனைவியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். கண்ணை மூடிக்கொண்டார்.

மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது.

அவள் காத்திருந்தாள். முன்வரிசையில் ஓர் அம்மாள் தன் காதுக் கருவியைக் கழற்றி இரண்டு தட்டுத் தட்டி மறுபடி மாட்டிக்கொண்டார். மூலையில் கணவரின் தலை தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. அவள் கையசைத்தாள், அவர் பார்க்கவில்லை. கூப்பிட்டாள், அவருக்குக் கேட்கவில்லை. மூன்று வாரம் தேடி வாங்கிய ஹெட்போனாயிற்றே, கேட்குமா? நூலகர் அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாம் போயிற்று என்றே அவள் நினைத்தாள்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், “நீங்க எண்ணுங்கம்மா, நாங்க தூக்குறோம்” என்றார். சொல்லிவிட்டு நாற்காலி முதுகில் உள்ளங்கையால் தட்ட ஆரம்பித்தார். அவள் எண்ணினாள். முதலில் அவள் குரல் மட்டும் கேட்டது. பத்து தாண்டியதும் முன்வரிசையும் சேர்ந்து எண்ணியது. இருபதில் யாரோ ஓர் எண்ணை விட்டுவிட, ஏமாற்றாதீர்கள் என்று இன்னொருவர் பிடித்துக்கொள்ள, ஒரே சிரிப்பு. பத்தொன்பது பேரும் நாற்காலியைத் தட்டி, எண்ணி, காலைத் தூக்கி இறக்கினார்கள். ஒருவர்கூட உட்காரவில்லை.

இடையில் நம் ஆள் கண்ணைத் திறந்தார். கூட்டம் தன் தாளத்துக்குக் கால் தூக்குவதைக் கண்டார். கொஞ்சம் மெதுவாகிறார்கள் போலிருக்கிறதே என்று தன் வேகத்தைக் குறைத்தார், அவர்கள் வேகமானபோது இவரும் கூட்டினார், நாற்பது நிமிடமும் வியர்க்க விறுவிறுக்க அவர்கள் பின்னாலேயே ஓடினார். முன்னால் ஓடுவதாக நினைத்துக்கொண்டு ஓடினார். முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் ஹெட்போனைக் கழற்றினார். எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, தலை குனிந்தார். அவருக்கும் சேர்த்து இன்னொரு முறை தட்டினார்கள், பாவம், நல்லவர்கள். நூலகர் அம்மாள் செவ்வாய், வியாழன் சாயங்காலம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒயர்களை அவர் சுருட்ட வருவதற்குள், எட்டாவதை அவளே கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டாள். வீட்டுக்கு நடந்து வந்தார்கள். பாதி வழியில் அவர் கேட்டார்.

“உண்மையச் சொல்லு. எப்படி இருந்துது?”

அவள் அவரைப் பார்த்தாள். இரண்டு வருடத்தில் அந்த முகத்தை அவள் அவ்வளவு மலர்ச்சியாகப் பார்த்ததில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது.

“ஒருத்தர்கூட நடுவுல போகலைங்க.”

“டும் சத்தம் கொஞ்சம் தூக்கலா இருந்துதோ?”

“இல்லங்க. அது யாருக்கும் தொந்தரவாவே இல்ல.”

செவ்வாய்க்கிழமை இருபத்தாறு பேர் வந்தார்கள். வியாழக்கிழமை முப்பத்தொன்று. அலுவலகத்தில் அவர் தன் லைவ் பற்றிச் சொல்லாத ஆள் பாக்கியில்லை. இப்போது கருவியை இணைக்கும் வேலையை அவருக்கு அவள் வைப்பதில்லை, தானே செய்துவிடுகிறாள். ஏழு ஒயரை ஏழு இடத்தில் செருகிவிட்டு, எட்டாவதைக் கையில் எடுத்து, மைக் துளை எது என்று நன்றாகப் பார்த்துச் செருகுகிறாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நமக்கும் இசைக்கும் வெகுதூரம், அந்த மென்பொருளின் பெயர்கூட நமக்குத் தெரியாது, அதனால் இது நம்மைப் பற்றியது இல்லை. ஆனாலும் போன மாதம் நீங்கள் முன்னால் நின்று நடத்திவைத்த காரியம் ஒன்று இருந்ததே, எல்லோரும் அவ்வளவு ஒழுங்காக உங்கள் பின்னால் வந்தார்களே, முடிந்ததும் கை கூடத் தட்டினார்களே, அது எப்படி நடந்தது என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ஒருவரும் நடுவில் போகவில்லை என்று பதில் வந்தால், மேற்கொண்டு எதையும் கேட்காமல் போய்ச் சாப்பிடுங்கள்.